தூக்குவாளிக்குப் பக்கத்தில் ஒரு பை

ஒரே ஒரு கடலோரம், அதை ஒட்டினாற்போல ஒரே ஒரு தார் ரோடு, அந்த ரோட்டில் ஒரே ஒரு பஸ் போய்க்கொண்டிருந்ததாம். கேட்கிறவர்கள் ‘உம்’ கொட்டுங்கள், கொட்டாவிட்டால் பஸ் நின்றுவிடும். அந்த பஸ்ஸுக்கு ஒரு டிரைவர், ஒரு கண்டக்டர். டிரைவர் பெயர் சாத்தையா. கார்த்திகை பிறந்த அன்றைக்கே மலைக்கு மாலை போட்டு, ஒருவேளைச் சோறும் வெறுங்காலுமாக விரதத்தில் இருக்கிறவர். கண்டக்டர் பெயர் இருளேஸ்வரி. ராமநாதபுரத்திலிருந்து தூத்துக்குடி போகிற அந்த வண்டியின் பின்வாசல் கம்பியில் முதுகை ஒட்டவைத்து, ஒரு காலை இன்னொரு காலோடு நெருக்கிக்கொண்டு நின்றவள், வேர்வையாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேர்வை இப்படி ஒரே கோடாகத் தொடையில் இறங்குமா? இறங்கும், ஏன் இறங்காது, போன வாரம் இறங்கவில்லையா. போன வாரம் வெயில். இன்றைக்கு மேகம் மூடிக் கிடக்கிறது, கடல்காற்று ஜன்னல் ஜன்னலாகப் புகுந்து ஆட்களின் தலைமுடியைக் கலைத்துக்கொண்டிருக்கிறது. அடிவயிற்றில் யாரோ ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிறார்கள். பிழிந்துவிட்டு உதறுகிறார்கள். இது வேர்வை இல்லை ஈஸ்வரி, இது அதுதான். வராது என்று நினைத்தாயே, வராமல் இருக்கத்தானே அத்தனை மாத்திரை தின்றாய், வந்துவிட்டது. காக்கிக் கோட்டைக் கீழே இழுத்துவிட்டாள். கோட்டு இடுப்புக்குக் கீழே ஒரு சாண்தான் வரும். தைக்கக் கொடுத்தபோதே இன்னும் கொஞ்சம் இறக்கி வையுங்கள் என்று சொல்லியிருக்கலாம். டைலர் ஆம்பளைகளுக்குத் தைக்கிறவர், ஆம்பளை அளவில் தைத்துவிட்டார். “கன்னிராஜபுரம் ரெண்டு” என்று ஒரு கை நீண்டது. டிக்கெட் மிஷினைத் தட்டினாள். தாள் வெளியே வந்தது. கோட்டை இழுத்துவிட்டதை அந்த ஆள் பார்த்த மாதிரி இருந்தது, பார்க்காத மாதிரியும் இருந்தது.

பை முன்னால் இருக்கிறது. அதுதான் சிக்கல். பின்வாசலில் அவள், முன்னால் பை. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பித் தடுப்பில் இரண்டு கொக்கி. ஒரு கொக்கியில் சாத்தையாவின் தூக்குவாளி, மஞ்சள் துணி சுற்றியது. இன்னொரு கொக்கியில் அவளுடைய பை. பைக்குள் சாப்பாடு, தண்ணீர் பாட்டில், அதற்கும் அடியில் கறுப்பு பாலிதீனுக்குள் பேப்பர் சுற்றி எப்போதோ வாங்கிப் போட்ட ஒரே ஒரு நாப்கின். மாத்திரை இருக்கிற தைரியத்தில் அதை மறந்தே போயிருந்தாள். இப்போது அது ஒன்றுதான் இந்த உலகத்திலேயே இருக்கிறது. வண்டி குலுங்கும்போதெல்லாம் வாளியும் பையும் ஒன்றையொன்று இடித்துக்கொள்கின்றன, இங்கிருந்தே தெரிகிறது, இடித்துவிட்டு விலகுகின்றன, மறுபடி இடிக்கின்றன. அவர் வீட்டம்மா விடியலில் தலை முழுகி ஈரப்புடவையோடு பொங்கிக் கட்டின சோறு. அந்த அம்மாவுக்கே அந்த நாள் வந்தால் பக்கத்து வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கிறாளாம், தங்கச்சிக்காரி வந்து சமைத்துவிட்டுப் போகிறாளாம், சாத்தையாதான் ஒருநாள் டீ நேரத்தில் சொன்னார், சாதாரணமாக, வண்டிக்கு டீசல் போட்டதைச் சொல்கிற மாதிரி. அந்த அம்மாவுக்குப் பக்கத்து வீடு இருக்கிறது. பஸ்ஸில் பக்கத்து வீடு எங்கே இருக்கிறது? சும்மா பேப்பரில் சுற்றிக் கிடக்கிற நாப்கின் தீட்டா? கடையில் அலமாரியில் இருக்கும்போது இல்லையே. என் பைக்குள் வந்ததும் தீட்டாகிவிடுமா? இது என்ன யோசனை. யோசனை போகட்டும், பையை எப்படி எடுப்பது? நடந்து போக வேண்டும். இத்தனை பேருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நடுவழியாகப் போக வேண்டும். போய், வாளியைத் தள்ளிவிட்டு, அல்லது தள்ளாமல் வாளிமேல் கை படாமல், கொக்கியிலிருந்து எடுக்க வேண்டும். பட்டுவிட்டால்? பட்டதை அவர் பார்க்கவில்லை என்றால்? மத்தியானம் தூத்துக்குடியில் அந்தச் சோற்றைத்தான் அவர் அள்ளி அள்ளித் தின்பார்.

பூ போட்டபோது வந்திருந்ததா? அதை நினைக்கக் கூடாது என்று வைத்திருந்தாள், நினைப்பு தானாக அங்கே போய் நின்றது. காலையில் முதல் நடை எடுக்கும் முன் கண்ணாடிக்கு மேலே இருக்கிற சாமி படத்துக்குச் சரம் போடுவது வழக்கம். முன்பெல்லாம் அவர் போடுவார். மாலை போட்டதிலிருந்து, “நீ போடு மாளிகபுரம், உன் கை நல்ல கை” என்று அவளிடமே விட்டுவிட்டார். விரதம் இருக்கிற சாமிமார் பொம்பளைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கையைத் தூக்கி ஆணியில் சரத்தை மாட்டினபோது இடுப்பில் ஒரு சுருக். அதுவா? அது கையைத் தூக்கினதால் வந்த சுருக்காகவும் இருக்கலாம். அதற்கப்புறம் பத்தி பொருத்தினாள். நின்றபடி கண்ணை மூடினாள். அப்போது ஈரம் இருந்ததா? யோசித்துப் பார், நன்றாக யோசித்துப் பார். கீழக்கரையில் ஒரு பாய் ஏறினார், சில்லறை இல்லை என்றார், அப்போது இல்லை. ஏர்வாடியில் ஒரு குடும்பம் இறங்கியது, பிள்ளையின் கால் செருப்பு படியில் மாட்டியது, குனிந்து எடுத்துக் கொடுத்தாள், அப்போது? குனிந்தபோது தெரிந்திருக்குமே. பூவுக்குப் பிறகுதான். பூவுக்குப் பிறகுதான் என்று யார் சாட்சி? உடம்புக்குள் நடந்ததற்கு உடம்பே சாட்சி சொல்ல மாட்டேன் என்கிறது. சுருக் என்றது நிஜம். படத்தில் இருந்த சாமி பார்த்துக்கொண்டிருந்ததும் நிஜம். சாமிக்குத் தெரிந்திருந்தால் அப்போதே ஏதாவது செய்திருக்கலாமே, சரத்தைத் தட்டிவிட்டிருக்கலாமே. சரம் ஆடிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறது.

சட்டென்று பிரேக். எல்லாரும் முன்னால் சாய்ந்தார்கள். ரோட்டில் ஆட்டுக்கூட்டம். ஒரு கிடா நடுரோட்டில் நின்று பஸ்ஸை முறைத்தது. “முருகா!” என்று யாரோ கத்தினார்கள். முன்சீட்டில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், வண்டி கிளம்பினதிலிருந்தே தான் பதினெட்டு வருஷம் மலைக்குப் போன கதையை டிரைவர் காதில் ஓதிக்கொண்டு வந்தவர், தலையை நிமிர்த்தி, “சாமி மாலை போட்டு ஓட்டுற வண்டிங்கிறதால தப்பிச்சோம். வண்டிக்குள்ள எல்லாம் சுத்தமா இருக்கணும், அதுதான் முக்கியம்” என்றார். சாத்தையா ஆடுகள் ஒதுங்கக் காத்திருந்தார். சுத்தமாக இருக்கணும். அந்த ஆளுக்குத் தெரியுமா? கண்ணாடியில் பார்த்தாரா? இந்த ஆடு என்னால்தான் குறுக்கே வந்ததா? ஆட்டுக்கு என்னைத் தெரியுமா என்று நினைத்ததும் சிரிப்பு வரப் பார்த்தது. வயிற்றுக்குள் அதே நேரத்தில் துணி முறுக்கியது, சிரிப்பு பாதியில் பல்லைக் கடிப்பதாக மாறியது. இரட்டை விசில் கொடுத்தாள். பஸ் நகர்ந்தது. அந்த அசைவில் இன்னொரு கோடு இறங்கியது. இது முழங்காலைத் தாண்டிவிட்டது.

சாத்தையா கெட்டவர் இல்லை, அதுதான் பயமே. கெட்டவராக இருந்தால் ஏமாற்றுவது சுலபம். அப்பா வேலையிலிருக்கும்போதே இறந்து, அவருடைய வேலை மகளுக்கு வந்து, அவள் பயிற்சி முடித்து டிப்போவில் வந்து நின்றபோது, பொம்பளை கண்டக்டரா, நமக்கு வேண்டாம்ப்பா, வண்டி லேட்டாகும், பின்னால் வருகிற பிரைவேட் பஸ்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான் என்று ஆளாளுக்குக் கை கழுவினார்கள். ஸ்டோர் ரூமில் உட்காரவைத்தார்கள். கதவில்லாத ஜன்னலும் பழைய டயர் நாற்றமுமாக அங்கே கிடந்தாள். சாத்தையாதான் ஒருநாள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “ஏம்மா, விசில் ஊதத் தெரியுமா?” என்று கேட்டார். தெரியும் என்றாள். “சத்தமா ஊதுவியா?” ஊதுவேன். “அப்ப ஏறு” என்றார். அவ்வளவுதான், அந்த ஒரு வார்த்தையில் இந்த ரோடு முழுக்க அவளுடையதாகிவிட்டது, உடைமரக்காடும் உப்புக்காற்றும் ஊர் ஊராக ஏறி இறங்கும் சனமும். அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுபடியும் டயர் நாற்றம். அவர் சொல்லக்கூடியவர்தான். மாலை போட்ட வாரத்தில் டைம்கீப்பர் சிரித்துக்கொண்டே சொன்னாரே, “போன வருசம் அவர்கூட ஓடுனவன் முட்டை தின்னுட்டு ஏறுனான்னு பாதி வழில எறக்கி விட்டுட்டாரு. நீ பாத்து நடந்துக்க ஆத்தா.” முட்டைக்கே இறக்கிவிட்டார். பாத்து நடந்துக்க என்றால் என்ன அர்த்தம் என்று அவள் கேட்கவில்லை. பொம்பளைகளிடம் சொல்லப்படுகிற பாத்து நடந்துக்க எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரு இடத்துக்குத்தான் வரும். அன்றைக்குச் சாயங்காலமே மருந்துக்கடைக்குப் போனாள். கடைப்பையன் சாதாரணமாக எடுத்துக் கொடுத்தான், கல்யாணம் காட்சி கோயில் குளம் என்று எல்லாரும் வாங்குவதுதானாம். “நாலஞ்சு நாளைக்குத் தள்ளிப்போடலாம்க்கா, அதுக்கு மேல தின்னாதீங்க, டாக்டரக் கேளுங்க” என்றான். விரதம் நாலஞ்சு நாளா? ஒரு மண்டலம். அடுத்த அட்டையை வேறு கடையில் வாங்கினாள். அதற்கடுத்ததை இன்னொரு கடையில். தலை எந்நேரமும் இரும்பாகக் கனத்தது, மார் தொட்டால் வலித்தது, கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்தது, சோற்றைப் பார்த்தால் குமட்டியது, அம்மாவிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தாள். எதற்கு? அவர் விரதம் கெடக்கூடாது என்று. அவர் கேட்டாரா? கேட்கவில்லை. கேட்காமலேயே தின்றாள். இப்போது உடம்பு, இத்தனை நாள் அடைத்துவைத்ததற்கெல்லாம் சேர்த்து, கேட்காமலேயே திறந்துவிட்டது.

ஒன்பதாம் வகுப்பில் கன்னியாகுமரி டூர் போனபோதும் பஸ்தான். அன்றைக்கும் இப்படித்தான் ஜன்னலோரத்தில் கால்களை நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டீச்சர் என்னடி என்று கேட்டபோது வாய் தானாக, வாந்தி வருது டீச்சர் என்றது. பின்னால் சார்மார்கள் உட்கார்ந்திருந்தார்கள், வேறு என்ன சொல்வது. டீச்சர் கையில் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து மோந்து பார்த்துக்கொண்டே வா என்றார். நாள் முழுக்க, சூரியன் கடலில் இறங்குகிற வரைக்கும், எல்லாரும் தண்ணீரில் குதித்து விளையாட, அவள் ஒரு பாறைமேல் எழுந்திருக்காமல் உட்கார்ந்து பழத்தை மோந்துகொண்டிருந்தாள். வாந்தி, தலைவலி, வயிற்றுக்கடுப்பு, மயக்கம், அதற்குத்தான் எத்தனை பெயர். வீட்டில் அம்மா அதற்கு ஒரு பெயரும் சொல்ல மாட்டாள், பின்வாசல் பக்கம் தனியாக ஒரு தட்டும் டம்ளரும் வந்துவிடும், எல்லாருக்கும் புரியும். வாயைத் திறந்து அதைச் சொன்ன ஒரு பொம்பளையை அவள் இதுவரை பஸ்ஸில் பார்த்ததில்லை. எத்தனை பேர் ஏறி இறங்குகிறார்கள், அதில் தினமும் எத்தனை பேருக்கு இருக்கும், ஒருத்திகூட வண்டியை நிறுத்து என்று கேட்டதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு டிக்கெட் வாங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறார்கள். நான் அவர்களிடம் சில்லறை கேட்டிருக்கிறேன். உள்ளே போ, உள்ளே போ என்று விரட்டியிருக்கிறேன்.

சாயல்குடியில் சீனியம்மா ஏறினாள். ஓலைப்பெட்டி நிறையக் கருப்பட்டி, வாய் நிறைய வெற்றிலை, வாரத்துக்கு இரண்டு தடவை இதே வண்டிதான். சீனியம்மா கருப்பட்டி விற்கிறாள் என்று எல்லாரும் சிரிக்கிற பழைய சிரிப்பை அவளே முதலில் சிரித்துவிடுவாள். பெட்டியைப் படியில் வைத்துவிட்டு மேலே ஏறியவள் ஒரு பார்வை பார்த்தாள். “என்னத்தா, பேயடிச்ச மாதிரி நிக்கிற?” ஒன்றுமில்லை என்றாள் இருளேஸ்வரி. “ஒண்ணுமில்லாத மூஞ்சியா இது? பாக்கறவன் பயந்து எறங்கிருவான்.” கடைசி சீட்டில் உட்கார்ந்து, வெற்றிலைச் சாற்றை ஜன்னல் வழியாகத் துப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “வந்துருச்சா?” தலையை ஆட்டவும் முடியவில்லை, ஆட்டாமலிருக்கவும் முடியவில்லை. கண் கலங்கியதில் அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. “துணி கிணி வச்சிருக்கியா?” பையில் இருக்கிறது, பை முன்னால் இருக்கிறது, பக்கத்தில் சாமியின் தூக்குவாளி. சீனியம்மா எட்டிப் பார்த்தாள், வாளியையும் பையையும் கறுப்புத் துண்டு போட்ட சாத்தையாவின் முதுகையும். “அட கெரகமே” என்றாள். கொஞ்சம் மென்றாள். “இந்தா பாரு, எனக்கு வயித்தால போகுதுன்னு சொல்லு. கெழவி அவசரம்னா எந்தச் சாமியும் நிறுத்தும். பையையும் நான் போயி எடுத்தாரேன். எனக்கு அதெல்லாம் நின்னு எத்தன காலமாச்சு, நான் தொட்டா ஒண்ணுமில்ல.” எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள். எலுமிச்சம்பழம் மறுபடி கைக்கு வந்துவிட்டது. மோந்துகொண்டே போய்விடலாம். யாருக்கும் தெரியாது. அவர் மத்தியானம் சாப்பிடுவார், நாளைக்கு அவள் சரம் போடுவாள், நல்ல கை என்பார். இல்லை, நாளைக்கு எப்படிப் போடுவாய்? நாளைக்கும் இருக்குமே. நாளன்றைக்கும் இருக்குமே. இத்தனை நாள் அடைத்தது ஒருநாளில் வடியுமா? தினமும் சீனியம்மா எங்கிருந்து வருவாள்?

தெரியாமல் அவர் தின்னட்டும் என்று விடுகிறாயா? இந்தத் தீட்டை நீ நம்புகிறாயா முதலில்? தெரியவில்லை. நம்பவில்லை என்று நினைக்கும்போது வாளி இடிக்கிறது. நம்புகிறேன் என்று நினைக்கும்போது, இந்த ரத்தம் எல்லார் வீட்டிலும் இருக்கிறதுதானே, இதில் என்ன அசிங்கம் என்று கோபம் வருகிறது. நீ நம்புவது ஒரு பக்கம் இருக்கட்டும், அவர் நம்புகிறார். வெறுங்காலோடு கொதிக்கிற பிரேக்கை மிதிக்கிறார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஏறு என்ற மனுஷனுக்கு, அவர் வேண்டாம் என்று வைத்திருக்கிற ஒன்றை, அவருக்குத் தெரியாமல் ஊட்டுவதா? அப்படியானால் சொல்லு. சொன்னால் டயர் நாற்றம். சொல்லாவிட்டால்? முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது, இன்னும் கொஞ்சத்தில் செருப்புக்கு வந்துவிடும், அப்புறம் நீ சொல்ல வேண்டாம், பஸ்ஸின் தரையே சொல்லும். பின்னால் தூரத்தில் பிரைவேட் பஸ்ஸின் ஹாரன் பாட்டுப் போல இழுத்துக்கொண்டு வந்தது. வேம்பாருக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்க் வரும், மஞ்சள் போர்டு, பங்குக்குப் பின்னால் தகரக் கதவு போட்ட ஒரு அறை. தினமும் பார்த்துக்கொண்டு போகிற அறை. இந்த வளைவு தாண்டினால் அதுதான். நிறுத்தச் சொல்ல முன்னால் போக வேண்டும், போய் எப்படிக் கேட்பது, சாமி கொஞ்சம் நிறுத்துங்கள் என்றா, எதற்கு என்பார், அண்ணே என்று கூப்பிடலாமா, மாலை போட்டவரை அண்ணே என்று சொல்லக் கூடாது, மஞ்சள் போர்டு தெரிந்துவிட்டது. வாயில் விசில் இருந்தது. எப்போது கடித்தாள் என்று தெரியாது. ஒற்றை விசில் என்றால் நிறுத்து. கேட்டுக்கொண்டு அல்ல, தயவுசெய்து அல்ல, நிறுத்து. பயிற்சியில் முதல்நாள் சொல்லிக்கொடுத்தது அது. ஊதினாள். மூச்சு முழுவதையும் போட்டு ஊதினாள். கடைசி சீட்டில் சீனியம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

பஸ் நின்றது. ஏன் என்று கேட்காமல், கை பழகினபடி, சாத்தையா ஓரங்கட்டி நிறுத்தினார். இஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. “யாரு எறங்குறா இங்க?” என்றது ஒரு குரல். “பொட்டக்காட்டுல எவன் எறங்குவான்?” “கண்டக்டரம்மா விசில் தவறி ஊதிருச்சுப்பா.” இருளேஸ்வரி நடுவழியில் நடந்தாள். முதுகுக்குப் பின்னால் சீனியம்மாவும் எழுந்து, ஓலைப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளை ஒட்டியே வருவது தெரிந்தது. “வழி விடுங்கய்யா, நானும் எறங்கி நிக்கிறேன், கால் மரத்துப்போச்சு” என்று யாருக்கோ சொல்லிக்கொண்டே வந்தாள். கம்பித் தடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள் இருளேஸ்வரி. வாளி, பை. கண்ணாடியில் சாத்தையாவின் கண். “என்ன மாளிகபுரம்? டயரு எதும் சத்தம் குடுத்துச்சா?” இல்லை. “சாமி, அந்தத் தூக்குவாளியக் கொஞ்சம் தள்ளி மாட்டுங்க. என் பைய எடுக்கணும்.” “எடுத்துக்க. அதுக்கு எதுக்கு நிறுத்தச் சொன்ன?” “நான் கைய நீட்டக்கூடாது சாமி.” அவர் புரியாமல் திரும்பினார். முகத்தைப் பார்த்தார். அப்புறம் பார்வையை எடுத்துக்கொண்டார், மெல்ல, சூடான பாத்திரத்திலிருந்து கையை எடுக்கிற மாதிரி. முன்சீட்டு வெள்ளை வேட்டிக்காரருக்கு அவரைவிட முன்னதாகவே புரிந்துவிட்டது. “ஐயையோ! சாமி, போச்சு! மாலையக் கழட்ட வேண்டியதுதான்! நான் அப்பவே சொன்னேன், ஆடு குறுக்க வந்துச்சே...” பஸ் முழுக்க அந்த ஐயையோ பரவியது. ஒருவர் காதிலிருந்து இன்னொருவர் காதுக்குப் போனது. அவள் நின்ற இடத்திலேயே எரிந்தாள். சாத்தையா வெள்ளை வேட்டியைப் பார்த்து, “சாமி டிக்கெட்டு எதுவரைக்கும்?” என்றார். “தூத்துக்குடி.” “அதுவரைக்கும் வாயத் தெறக்காம வாங்க.” எழுந்து, மஞ்சள் துணியோடு வாளியை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். பையை எடுக்கவில்லை. கொக்கியைப் பார்க்கவுமில்லை. அவள் எட்டி எடுத்தாள். அப்போதுதான் பிரைவேட் பஸ் பாட்டு ஹாரனோடு பக்கத்தில் உரசினாற்போல் தாண்டிப் போனது. அதன் கண்டக்டர் படியில் தொங்கியபடி கையை ஆட்டிவிட்டுப் போனான். சாத்தையா அதையும் பார்க்கவில்லை.

பங்க்கில் டீசல் போடுகிற பெண் கேட்காமலேயே சாவியைக் கொடுத்தாள். தகரக் கதவு. உள்ளே ஒரு பக்கெட், பாதி தண்ணீர், பல்லி ஒன்று. தாழ்ப்பாள் இல்லை. வெளியே சீனியம்மா பெட்டியைக் கீழே வைத்து அதன்மேல் காலை ஊன்றிக்கொண்டு நிற்பது தகரத்தின் இடுக்கில் தெரிந்தது. காலில் ரத்தம் காய்ந்தும் காயாமலும் இருந்தது. தண்ணீரை மொண்டு ஊற்றினாள். சில்லென்று இருந்தது. கழுவக் கழுவத் தண்ணீர் பழுப்பாகிச் சிமிண்டுத் தரையில் ஓடி, சுவரோரத்து ஓட்டை வழியாக வெளியே மண்ணுக்குள் போனது. இவ்வளவுதானா. இவ்வளவுக்கா. அழுகை வரும் என்று நின்று பார்த்தாள், வரவில்லை. கை வேலையில் இருந்தது, பேப்பரைப் பிரித்தது, ஒட்டியது, மடித்தது. சுடிதாரின் பின்பக்கத்தை நனைத்துப் பிழிந்தாள், நீலத் துணி என்பதால் ஈரமா கறையா என்று சட்டென்று தெரியாது. தெரிந்தால் தெரியட்டும், அந்த ஐயையோவுக்கு அப்புறம் தெரிய என்ன மிச்சம். வெளியே யாரோ சொல்கிறார்கள், எவ்வளவு நேரம்டா, பிரைவேட்டுல போயிருக்கலாம். சீனியம்மாவின் குரல்: “ஒங்காத்தா வயித்துல எத்தன மாசம் இருந்த? அப்ப அவசரமில்ல, இப்ப என்ன?” சிரிப்புச் சத்தம். அவள் வெளியே வந்து ஏறினாள். இரட்டை விசில். பஸ் நகர்ந்தது. சாத்தையாவின் மடியிலேயே வாளி இருந்தது. ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவில் அதை வைத்துக்கொண்டுதான் ஓட்டினார்.

குளத்தூர் வந்தது, போனது. வழக்கமாக ஒவ்வொரு நிறுத்தத்திலும் கண்ணாடியில் பார்த்து, ‘போலாமா?’ என்று தலையை அசைப்பார், இன்றைக்குக் கண்ணாடியில் கறுப்புத் துண்டின் ஓரம் மட்டும் தெரிந்தது. என்ன யோசிக்கிறார்? டைம் ஆபீஸில் என்ன சொல்வது என்று யோசிக்கிறார். அந்தப் பொம்பளை வேண்டாம் சார், வேறு ஆள் போடுங்க. அதைச் சத்தமாகச் சொல்ல மாட்டார், மெதுவாகத்தான் சொல்வார், மெதுவாகச் சொன்னால்தான் எல்லாரும் கேட்பார்கள். சொல்லியிருக்க வேண்டாமோ. எலுமிச்சம்பழத்தை வாங்கியிருக்கலாமோ. இல்லை. இல்லை என்று சொல்லும்போது நெஞ்சு ஒரு கணம் லேசானது, உடனே மறுபடி கனத்தது. உப்பளங்கள் தொடங்கின. வெள்ளை வெள்ளையாகக் குவித்து ஓலை மூடி வைத்திருந்தார்கள். குவியல்களுக்கு நடுவில் முழங்காலளவு பாத்தியில் பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கெல்லாம் எந்தத் தகரக் கதவு? நினைப்பை அதற்கு மேல் ஓட்ட முடியவில்லை, தூத்துக்குடி வந்துவிட்டது.

பஸ் ஸ்டாண்டில் எல்லாரும் இறங்கினார்கள். சிலர் அவளைப் பார்த்துக்கொண்டே இறங்கினார்கள், சிலர் பார்க்காமல் இருப்பதைக் காட்டிக்கொண்டு இறங்கினார்கள். வெள்ளை வேட்டிக்காரர் படியில் நின்று, “சாமி, குளிச்சிட்டுப் பரிகாரம்...” என்று தொடங்கி, சாத்தையா திரும்பியதும் இறங்கிவிட்டார். சீனியம்மா ஒரு கருப்பட்டியை அவள் கையில் திணித்தாள். “தின்னு. வயித்துவலிக்கு நல்லது.” அவளும் போனாள். பஸ்ஸில் இரண்டு பேர். அவர் முன்னால், அவள் பின்னால், நடுவில் காலி சீட்டுகள். சாத்தையா திரும்பாமலேயே கேட்டார். “காலைல பூ போடுறப்பவேவா?” அவள் பயந்த அதே கேள்வி, அதே வார்த்தைகளில். “தெரியல சாமி. சத்தியமாத் தெரியல. வராதுன்னு நெனச்சேன். மாத்திரை போட்டிருந்தேன்.” “என்ன மாத்திரை?” “தள்ளிப்போட. நீங்க மாலை போட்டதுலருந்து.” அவர் திரும்பினார். இவ்வளவு நேரத்தில் முதல்தடவையாக நேராகப் பார்த்தார். “மாலை போட்டதுலருந்தா? தெனமுமா?” “ஆமா.” “யாரு திங்கச் சொன்னா?” “யாரும் சொல்லல. பாத்து நடந்துக்கன்னாங்க.” “எவன்?” அவள் கருப்பட்டியைக் கை மாற்றினாள். “உடம்பு என்னத்துக்கு ஆகும்? ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவத்த நான் எந்த மலையில போயி எறக்குறது? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா நீ?” கோபம்தான், ஆனால் அவள் எதிர்பார்த்த இடத்திலிருந்து வரவில்லை, வேறு வாசல் வழியாக வந்தது. “எப்பிடிக் கேக்குறது சாமி?” என்றாள். அவர் வாளியின் மஞ்சள் துணி முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திரும்புற நடைக்கு மாத்து டிரைவர் கெடைக்காது” என்றார். “குளிச்சிட்டு வந்து ஓட்டுறேன். நாளையிலருந்து ஒரு வாரம் நான் லீவு.” “நீங்க எதுக்கு சாமி? நானே போட்டுக்கிறேன். ஸ்டோருக்கே போயிக்கிறேன்...” “நீ எதுக்குப் போகணும்? வெரதம் எனக்கு. பட்டினி கெடக்குறது நான், செருப்பில்லாம நடக்குறது நான். இந்தத் தீட்டு கீட்டெல்லாம் பாக்குறவனும் நான்தான, பாக்குறவன்தான் தள்ளி நிக்கணும். இத்தன நாளு வீட்லயும் அவளத்தான் அனுப்பிக்கிட்டு இருக்கேன்.” கடைசி வாக்கியத்தை அவளிடம் சொன்ன மாதிரி இல்லை. மாலையைத் தொட்டுக்கொண்டார். அவர் மாறவில்லை, விடவும் இல்லை, பூவைப் பற்றிய கவலை அவர் முகத்தில் அப்படியே இருந்தது. “காரணம் கேட்டா என்ன சொல்லுவீங்க?” “என் காரணம். அதுல உன் பேரு எதுக்கு வரணும்? அந்த மாத்திரையத் தூக்கிக் கடாசு. டாக்டரம்மாகிட்டப் போ.” வாளியைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். டிப்போவில் நாளைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிடும், வெள்ளை வேட்டிக்காரர் போதும் அதற்கு, சாத்தையா ஏன் லீவு என்று வாய்க்கு வாய் பேசுவார்கள், ஸ்டோர் ரூம் ஜன்னல் இன்னும் திறந்துதான் இருக்கிறது, நாளைக்கு வருகிற டிரைவர் எப்படிப்பட்டவனோ. மேகம் விலகி வெயில் அடித்தது. தாரில் வெறுங்காலோடு, குதிக்காமல், ஒரே சீராக அவர் டைம் ஆபீஸ் பக்கம் போவதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார். குழாயடிப் பக்கம் திரும்பி, பஸ்களுக்கு நடுவில் மறைந்துபோனார்.

அவளுக்குப் பசித்தது. நம்ப முடியாமல் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். வலியும் இருந்தது, பசியும் இருந்தது, இரண்டும் தனித்தனியாக. எத்தனை நாளாயிற்று சோற்றை நினைத்துக் குமட்டாமல். கருப்பட்டியில் ஒரு கடி கடித்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, கூட்டத்துக்குள் நடந்து போனாள்.